கட்டட வேலையில் கையில் அடிபட்டால்: முதல் நிமிடத்திலிருந்து நஷ்டஈடு வரை

சென்னையில் கட்டட வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களையும், அடிபட்டவரோடு ஆஸ்பத்திரிக்குத் துணையாக ஓடும் அண்ணன், தம்பி, ஊர்க்காரர்களையும் மனத்தில் கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது. கம்பி வேலை, சென்ட்ரிங், டைல்ஸ், எலக்ட்ரிக்கல், கொத்து வேலை என எதுவாக இருந்தாலும், ஆபத்துக்கு மிக அருகில் நிற்பது கைதான். பெண்டிங் மெஷினில் விரல் மாட்டுகிறது. காப்புத் தகடு கழற்றிய கிரைண்டரின் பிளேடு உடைந்து உள்ளங்கையைக் கிழிக்கிறது. வின்ச் கயிற்றுக்கும் கப்பிக்கும் இடையில் கை நசுங்குகிறது. இப்படி அடிபட்டவர்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனாலும் பலர் வெறுங்கையோடு ஊர் திரும்புகிறார்கள் என்றால், அதற்குப் பெரும்பாலும் காரணம் விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஏறிவிட்ட தவறான ஒரு வரியும், வேலை செய்ததைக் காட்ட எந்தக் காகிதமும் கையில் இல்லாததுமே. ஆகவே, முதல் நாளைப் பற்றியே இங்கு அதிகம் பேசப்படுகிறது.

வேலையில் சேரும் நாளில்

விபத்துக்குப் பிறகு கான்ட்ராக்டர் தரப்பில் முதலில் சொல்லப்படுவது, "இவர் எங்கள் ஆளே இல்லை" என்பதாகத்தான் இருக்கும். அதற்கான பதிலைச் சேர்ந்த அன்றே தயார் செய்துவைக்க வேண்டும். சைட்டின் வாசலில் வழக்கமாக ஒரு பலகை வைக்கப்பட்டிருக்கும். அதில் திட்ட அனுமதி எண், ரெரா (மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண், கட்டுமான நிறுவனத்தின் பெயர், முகவரி ஆகியவை இருக்கும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்து, ஊரில் இருப்பவர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கேட் பாஸ், ஆள் அட்டை, ஹெல்மெட்டில் ஒட்டிய எண் எதையும் விட்டுவிட வேண்டாம். கூலியை ஜிபே போன்ற வழியில் வாங்கினால், அந்தப் பதிவே நீங்கள் யாரிடம், எவ்வளவுக்கு வேலை செய்தீர்கள் என்பதற்குச் சாட்சியாகிவிடும். ரொக்கமாக வாங்குபவர்கள், ஒரு சிறு நோட்டில் தேதி, சைட், கூலி, மேஸ்திரியின் பெயர் ஆகியவற்றைத் தினமும் எழுதிவர வேண்டும்.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். விபத்தில் உறுப்பை இழந்தால், இழப்பின் அளவைப் பொறுத்து 1 லட்சம் ரூபாய் வரை வாரியம் உதவித்தொகை தருகிறது. இது முதலாளி தர வேண்டிய நஷ்டஈட்டுக்கு மாற்று அல்ல. அதற்கு மேல் கிடைப்பது. "வாரியத்தில் வாங்கிக்கொள், எங்களிடம் கேட்காதே" என்று யாராவது சொன்னால், அது சரியல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கையுறையைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பி தூக்கும்போதும் சிமெண்ட் கலவையில் கை வைக்கும்போதும் கையுறை அவசியம். சுழலும் மெஷினில் தொளதொளத்த துணிக் கையுறை போடுவது வெறுங்கையைவிட ஆபத்து; நூல் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

அடிபட்ட முதல் பத்து நிமிடங்கள்

மெஷினை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்த பிறகே அடிபட்டவரின் கையைத் தொட வேண்டும். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் மடித்து வைத்து, விடாமல் அழுத்திப் பிடித்தபடி, கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்திவைக்க வேண்டும். பெரும்பாலான கை ரத்தப்போக்குகள் இதிலேயே அடங்கிவிடும். சைட்டில் கைக்கெட்டும் கட்டுக்கம்பியாலோ நைலான் கயிற்றாலோ மணிக்கட்டை இறுக்கிக் கட்டும் பழக்கம் இருக்கிறது. அது தசையையும் நரம்பையும் வெட்டி, காப்பாற்றக்கூடிய கையையும் பாழாக்கிவிடும். மஞ்சள் தூள், காப்பித் தூள், டூத்பேஸ்ட், டீசல் எதையும் காயத்தில் போடக் கூடாது. மோதிரம், கயிறு, வாட்ச் ஆகியவற்றை வீக்கம் ஏறும் முன் கழற்றிவிட வேண்டும். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால், டீயோ சோறோ கொடுக்க வேண்டாம்.

விரல் துண்டாகிவிட்டால், அந்தத் துண்டைக் கட்டாயம் தேடி எடுத்துச் செல்லுங்கள். அதைச் சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசி, நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த மற்றொரு பையில் வைக்க வேண்டும். ஐஸ்கட்டி நேரடியாக விரலில் படக் கூடாது. பட்டால் உறைந்து, ஒட்டவைக்க இயலாமல் போய்விடும். குளிர்ச்சியாக வைக்கப்பட்ட விரல் பல மணி நேரம் தாங்கும். மணிக்கட்டோடு அல்லது அதற்கு மேலே துண்டானால், அதில் தசை இருப்பதால், ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்ப வேண்டும் என்பது பொதுக் கணக்கு. பாதி தொங்கிக்கொண்டிருக்கும் விரலை யாரும் அறுத்து எடுத்துவிடக் கூடாது. ஒரு சிறு தோல் ஒட்டியிருந்தாலும் அதில் ரத்தக் குழாய் இருக்கக்கூடும்.

பார்க்கச் சிறியதாகத் தெரிந்து ஏமாற்றும் காயங்கள் இரண்டு உண்டு. பெயிண்ட் ஸ்பிரே, கிரீஸ் கன் போன்ற உயர் அழுத்தக் கருவி விரலில் பாய்ந்தால், ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளிதான் தெரியும்; உள்ளே பெயிண்ட் விரல் முழுவதும் பரவி, சில மணி நேரங்களில் விரலே அழுகத் தொடங்கும். ஈர சிமெண்ட் தோலில் நெடுநேரம் இருந்தால், முதலில் வலி தெரியாமலே ரசாயனப் புண்ணாகிவிடும். உடனே இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். இவ்விரண்டையும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது

108 ஆம்புலன்ஸ் இலவசம். சென்னையில் வாழ்பவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது: பழைய ஜெயில் சாலையில் உள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையில், கைக்கென்றே அறுவைச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரும் தனிப் பிரிவு இயங்குகிறது. டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கி வளர்த்த அந்தப் பிரிவு, நாட்டில் கை அறுவைச் சிகிச்சைக்கு முன்னோடியான இடங்களில் ஒன்று. துண்டான விரல், அறுந்த நரம்பு, நசுங்கிய கை என்றால், மேஸ்திரிக்குத் தெரிந்த சின்ன கிளினிக்கில் நான்கு தையல் போட்டுவிட்டு வருவதைவிட, அங்கே போவதே நல்லது. சிறு கிளினிக்கில் தோலை மட்டும் தைத்துவிட்டு, உள்ளே அறுந்த நாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாரைப் பார்க்காமல் விட்டுவிட்டால், காயம் ஆறியிருக்கும், விரல் மடங்காது. தென்சென்னையில் இருப்பவர்கள் அவசரத்துக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கோ, சென்ட்ரலுக்கு எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ செல்லலாம். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை உள்ளவர்களுக்குக் கே.கே. நகரிலும் அயனாவரத்திலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் உள்ளன.

பதிவேட்டில் ஏறும் அந்த ஒரு வரி

அவசர சிகிச்சைப் பிரிவில் பணி மருத்துவர் முதலில் கேட்பது, "எப்படி அடிபட்டது?" என்பதுதான். சொல்லப்படும் பதிலை அவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார். இதன் நகலைத்தான் எல்லோரும் "ஏ.ஆர். காப்பி" என்கிறார்கள். பின்னாளில் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் புரட்டிப் பார்ப்பதும் இதையே.

வழக்கமாக நடப்பது இப்படி. ஆளைக் கூட்டிவந்த சூப்பர்வைசர் வழியிலேயே, "போலீஸ் கேஸ் ஆகிவிடும், வைத்தியம் பார்க்க லேட்டாகும், வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லு, செலவெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிக்கொடுப்பார். அடிபட்டவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருந்தால், அந்தச் சிரமம்கூட இல்லை. அவருக்குப் பதிலாகச் சூப்பர்வைசரே தமிழில் பதில் சொல்லிவிடுவார். வலியில் இருப்பவருக்கு என்ன எழுதப்பட்டது என்பதே தெரியாது. "வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது" என்ற வரி பதிவேட்டில் ஏறிவிட்டால், அதற்குப் பிறகு அது வேலை விபத்து என்று நிரூபிக்கும் பாரம் முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது. போலீஸ் கேஸ் என்பதற்காக எந்த ஆஸ்பத்திரியும் அவசர சிகிச்சையை மறுக்க முடியாது. 1989ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்திவிட்டது.

ஆகவே துணைக்குப் போகிறவரின் முக்கிய வேலை, மருத்துவரிடம் நான்கு விவரங்களைச் சொல்வது: எந்த இடத்தில் உள்ள எந்த சைட், எத்தனை மணிக்கு, எந்த மெஷினில், யாரிடம் வேலை செய்தபோது. "பெரும்பாக்கத்தில் இன்ன நிறுவனத்தின் கட்டடத்தில், காலை பதினொரு மணிக்கு, கம்பி வெட்டும் மெஷினில் வலது கை மாட்டியது" என்று ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும். அடிபட்டவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், அவர் மொழி தெரிந்த ஒருவரைப் போனிலாவது பேசவையுங்கள். தவறாக ஏற்கனவே பதிவாகியிருந்தால், தாமதிக்காமல் வார்டு மருத்துவரிடம் உண்மையைச் சொல்லி, நோயாளிக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஏன் மாற்றிச் சொல்ல நேர்ந்தது என்பதையும் போலீஸ் புகாரில் குறிப்பிடுங்கள்.

போலீஸும் முதலாளிக்கான அறிவிப்பும்

சைட் எந்த எல்லையில் உள்ளதோ அந்தக் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்ததும், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கவனக்குறைவால் பிறருக்குக் காயம் விளைவிப்பது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆவது பிரிவில் வரும். மெஷினைக் கவனக்குறைவாக வைத்திருப்பதற்கு 289ஆவது பிரிவு உண்டு. முதல் தகவல் அறிக்கை பதிவானால், அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். யாரையும் சிறைக்கு அனுப்புவது உங்கள் நோக்கமாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் விபத்து நடந்த இடத்துக்கும் நேரத்துக்கும் இது உறுதியான சான்று.

அதோடு, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, கான்ட்ராக்டருக்கும் கட்டுமான நிறுவனத்துக்கும் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உடன் வேலை செய்தவர்களின் பெயர், போன் எண், சொந்த ஊர் ஆகியவற்றை அந்த வாரமே குறித்துக்கொள்ளுங்கள். சைட் முடிந்தால் ஆட்கள் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள்.

இ.எஸ்.ஐ.யா, நஷ்டஈடா

2015 ஆகஸ்ட் முதல் கட்டுமானத் தளத் தொழிலாளர்களுக்கும் இ.எஸ்.ஐ. பொருந்துகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை கூலி வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கப்பட்டால், வேலை விபத்துக்கு அவர் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குச் சராசரி தினக்கூலியில் சுமார் 90 சதவீதமும், நிரந்தர இழப்பு இருந்தால் மருத்துவ வாரியம் சொல்லும் சதவீதப்படி மாதாமாதம் ஒரு தொகையும் கிடைக்கும். முதலாளி விபத்து அறிக்கை தாக்கல் செய்திருக்கிறாரா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. உள்ளவர், அதே காயத்துக்குத் தனியாக முதலாளியிடம் நஷ்டஈடு கோரி வழக்குப் போட முடியாது.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்குத்தான் நஷ்டஈட்டுச் சட்டம். நெடுங்காலம் இதற்கு 1923ஆம் ஆண்டுச் சட்டமே ஆதாரமாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதால், அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020 இருக்கிறது. உங்கள் விபத்து எந்தத் தேதியில் நடந்தது என்பதைப் பொறுத்து மனுவில் குறிப்பிட வேண்டிய சட்டம் மாறும். அடிப்படை அமைப்பு மாறவில்லை.

தினக்கூலி என்பதாலோ, மேஸ்திரி கூட்டிவந்த ஆள் என்பதாலோ உரிமை போய்விடாது. சப்-கான்ட்ராக்டரிடம் வேலை செய்தாலும், அந்த வேலையைத் தன் தொழிலின் பகுதியாகக் கொடுத்த பெரிய நிறுவனத்திடமும் கோரலாம். வாசல் பலகையைப் படம் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். தனக்காக வீடு கட்டிக்கொள்ளும் வீட்டுக்காரர் விஷயத்தில் மட்டும் இது சிக்கல்; கட்டுவது அவருடைய தொழில் அல்ல என்பதால், கோரிக்கை பெரும்பாலும் கான்ட்ராக்டரோடு நின்றுவிடும். வளசரவாக்கம், மடிப்பாக்கம் போன்ற இடங்களில் தனி வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் நல வாரியப் பதிவை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

"உன் கவனக்குறைவுதானே" என்பதும் பதில் ஆகாது. குடித்திருந்தது, தெளிவாகச் சொல்லப்பட்ட பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, மெஷினின் காப்புத் தகட்டை வேண்டுமென்றே கழற்றியது ஆகிய சில காரணங்களுக்காக மட்டுமே முதலாளி மறுக்க முடியும். தகடே இல்லாத கிரைண்டரைக் கொடுத்துவிட்டு, தகடு போடவில்லை என்று அவர் வாதாட முடியாது.

தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது

மாதக் கூலியில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்கி, வரும் தொகையில் உறுப்பிழப்பின் சதவீதத்தை எடுப்பதே வாய்பாடு. அட்டவணைப்படி, பெருவிரல் முழுதும் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7. ஒரே கையில் நான்கு விரல்களும் போனால் 50. கையே போனால் 60. எலும்பு போகாமல் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் துண்டானாலும் 5 சதவீதம் உண்டு. 1923 சட்டத்தின்கீழ், கூலி எவ்வளவாக இருந்தாலும், கணக்குக்கு மாதம் 15,000 ரூபாய் என்பதே 2020 ஜனவரி முதல் உச்சவரம்பு.

இதை ஒருவருக்குப் போட்டுப் பார்ப்போம். வயது 30, அதற்குரிய காரணி 207.98. 15,000இல் 60 சதவீதம் 9,000. அதைக் காரணியால் பெருக்கினால் 18,71,820 ரூபாய். பெருவிரலை இழந்தவருக்கு இதில் 30 சதவீதம், அதாவது 5,61,546 ரூபாய். ஆள்காட்டி விரல் என்றால் ஏறக்குறைய 2,62,000. வார்டுக்கே வந்து இருபதாயிரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, முத்திரைத் தாளில் ரேகை வாங்கிக்கொண்டு போகிறவர்களின் கணக்கை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வைத்தியச் செலவை முதலாளி ஏற்றதாலும் இத்தொகை குறையாது. அது தனி, இது தனி. வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு, அரை மாதத்துக்கு ஒருமுறை மாதக் கூலியில் கால் பங்கு என்பதும் உண்டு.

அட்டவணைச் சதவீதத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. 1975இல் உச்ச நீதிமன்றம் ஒரு தச்சரின் வழக்கில், இடது கையை முழங்கைக்கு மேல் இழந்தவர் இனி தச்சு வேலையே செய்ய முடியாது என்பதால், அதை முழு இழப்பாகவே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே மருத்துவச் சான்று வாங்கும்போது, நீங்கள் செய்துவந்த வேலை எது, அந்தக் கையால் இனி எதைச் செய்ய முடியாது என்பதை மருத்துவரிடம் விளக்கிச் சொல்லுங்கள். கம்பி கட்டுபவருக்குக் கொக்கியைத் திருக முடியவில்லை என்பது, வெறும் எண்ணைவிட அதிகம் பேசும்.

ஆறும் காலம்

நாணையோ விரலையோ ஒட்டவைத்த பிறகு, சில வாரங்கள் கையை அசையாமல் தாங்கும் ஸ்பிளிண்டைக் கழற்றக் கூடாது. பிசியோதெரபிக்குத் தவறாமல் போக வேண்டும். ஒட்டிய விரலுக்குப் பீடியும் சிகரெட்டும் விஷம், ஏனெனில் அவை ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். நிரந்தர இழப்பின் சதவீதம், காயம் நன்கு ஆறிய பிறகே மதிப்பிடப்படும் என்பதால், அவசரமாகச் சான்று கேட்டு அலைய வேண்டாம். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், கட்டுப் பிரித்த கையின் புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஒரே கவரில் சேர்த்துவையுங்கள். விரல் ரேகை மாறிவிட்டால், ரேஷன் கடையிலும் வங்கியிலும் ஆதார் ஒத்துப்போகாது. ஆதார் மையத்தில் பயோமெட்ரிக்கைப் புதுப்பித்துக்கொள்ளலாம், அதுவரை கருவிழிப் பதிவைப் பயன்படுத்தலாம்.

மனு தாக்கல் செய்வதும் தொகையைப் பெறுவதும்

விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் தாமதம் மன்னிக்கப்படலாம், ஆனால் அதை நம்பியிருக்கக் கூடாது. சென்னையில் இந்த மனுவைப் பெறும் தொழிலாளர் துறையின் அலுவலகங்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ளன, ஏ.ஜி.–டி.எம்.எஸ். மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். சைட் சிறுசேரியிலோ ஒரகடத்திலோ இருந்து, அது வேறு மாவட்டம் என்றாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய அதிகாரியிடமே மனு கொடுக்க 1923 சட்டம் இடமளித்தது. கான்ட்ராக்டர், கட்டுமான நிறுவனம், அவர்கள் எடுத்திருக்கும் டபிள்யூ.சி. (தொழிலாளர் நஷ்டஈட்டுக்கான) பாலிசியின் இன்சூரன்ஸ் நிறுவனம் ஆகிய மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால், மற்றவர் அவர் மீது கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள், உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், தொழிலாளர்களுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். வரும் தொகையில் பங்கு கேட்டு வார்டிலேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இடையில் சமரசத்துக்கு அழைப்பார்கள். சமரசம் தவறல்ல, ஆனால் அது அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று வெளியில் எழுதி வாங்கிய தாள் உங்கள் சட்ட உரிமையைப் பறித்துவிடாது. அப்படி ஏற்கனவே ரேகை வைத்துவிட்டவர்களும் மனு போடலாம். வாங்கிய பணத்தை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

தொகையை ஒரு மாதத்துக்குள் தராமல் இழுத்தடித்தால், 1923 சட்டப்படி ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், நியாயமான காரணம் இல்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதமும் சேரும். இவற்றை மனுவிலேயே கேட்டுவிட வேண்டும். உத்தரவுக்குப் பிறகும் கட்டாவிட்டால், நில வரி பாக்கியைப் போல வருவாய்த் துறை மூலம் வசூலிக்க முடியும். அதற்கு எதிர்த்தரப்பின் சொத்து விவரம் தேவைப்படும். நிறுவனத்தின் அலுவலக முகவரி, தற்போது நடக்கும் வேறு சைட்டுகள், பதிவு பெற்ற வண்டிகளின் எண்கள் என்று தெரிந்ததையெல்லாம் எழுதிக்கொண்டு போங்கள்.